வலியைச் சொல்லும் கண்ணாடி

கண்ணாடி என்றவுடன் நம் உள்ளத்தில் எழும் முதல் எண்ணம், அது உடையும் பொருள் என்பதே. குழந்தையின் கையில் கண்ணாடிக் குவளையைக் கொடுக்கத் தாய் தயங்குகிறாள். வீடு மாற்றிச் செல்லும்போது நிலைக்கண்ணாடிக்குத்தான் போர்வையும் தலையணையும் சுற்றப்படுகின்றன. திருச்சிராப்பள்ளியில் புனித வளனார் கல்லூரியைச் சேர்ந்த லூர்து அன்னை ஆலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களை அண்ணாந்து பார்ப்போர், அவற்றின் அழகை வியந்த மறுகணமே, ஒரு சிறு கல் பட்டால் என்னவாகும் என்று அஞ்சாமல் இருப்பதில்லை.

இத்தகைய கண்ணாடியை நம்பி ஒரு பாலத்தையோ, ஆலய கோபுரத்தையோ காவல் காக்க முடியுமா? முடியும் என்கிறது இன்றைய அறிவியல். தலைமயிரைவிடச் சற்றே பருத்த ஒரு கண்ணாடி இழையைக் கட்டடத்தின் உடலில் பதித்துவிட்டால், அக்கட்டடம் எங்கே இழுபடுகிறது, எங்கே நசுங்குகிறது, எவ்வளவு என்பவற்றை அந்த இழை ஒளியின் வாயிலாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். இதனைப் பொறியியல் மாணவருக்குரிய செய்தி என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம் என வாசகர்களை வேண்டுகிறோம். இது நம் உயிரையும், நம் பிள்ளைகளின் உயிரையும், நம் மனச்சான்றையும் தொடும் செய்தியாகும்.

காவிரிக் கரையில் கண்டவை

திருவரங்கம் ஒரு தீவு. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். பள்ளிக்குச் செல்லும் பிள்ளையும், மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளியும், பூச்சந்தைக்குச் செல்லும் வியாபாரியும் பாலத்தை நம்பியே வாழ்கின்றனர். இங்குள்ள மக்கள் சில ஆண்டுகளுக்குள் கண்கூடாகக் கண்ட நிகழ்ச்சிகள் சிலவற்றை நினைவுகூர்வோம்.

கொள்ளிடத்தின் குறுக்கே 1928-ஆம் ஆண்டிலிருந்து நின்ற பழைய இரும்புப் பாலம், 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத வெள்ளத்தில் தூண்கள் சாய்ந்து உடைந்தது. பக்கத்திலேயே புதிய பாலம் 2016-இல் திறக்கப்பட்டு, பழையதில் வண்டிப் போக்குவரத்து நின்றுபோயிருந்ததால் பெருந்துயரம் நேரவில்லை. அதே மாதம் 22-ஆம் நாள் இரவு, நகருக்கு மேற்கே முக்கொம்பில், ஆர்தர் காட்டன் காலத்தில் 1830-களில் எழுந்த மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. சிந்தாமணியையும் மாம்பழச்சாலையையும் இணைத்து 1976 முதல் பணியாற்றி வரும் காவிரிப் பாலம், தாங்கிகளும் இணைப்பு இடைவெளிகளும் பழுதுபட்ட நிலையில், 2022 நவம்பரில் முழுவதுமாக மூடப்பட்டுச் செப்பனிடப்பட்டு 2023 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த மாதங்களில் மக்கள் சுற்றுவழியில் பட்ட இன்னல் கொஞ்சமன்று. பின்னர் 2023 ஆகஸ்டு 5-ஆம் நாள், ஊர் உறங்கும் வேளையில், திருவரங்கம் திருக்கோயிலின் கிழக்கு வாசல் கோபுரத்தின் கீழ்நிலையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அங்கே விரிசல்கள் முன்னரே காணப்பட்டிருந்தன. பகலில் மக்கள் நடமாடும் நேரத்தில் அது நிகழ்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணவும் மனம் கூசுகிறது.

இத்தகைய வேளைகளில் நம்மவரிடையே எழும் பேச்சு என்ன? "எல்லாம் விதி" என்பார் ஒருவர். "தெய்வக் குற்றம்" என்பார் மற்றொருவர். "காலம் கெட்டுவிட்டது" என்று பெருமூச்செறிவார் மூன்றாமவர். பேச்சு அத்துடன் முடிந்துவிடும். அவரவர் வேலைக்குச் செல்வர்.

நம் ஆண்டவரின் காலத்திலும் ஒரு கோபுரம் விழுந்தது. எருசலேமில் சீலோவாம் என்னுமிடத்தில் விழுந்த அந்தக் கோபுரம் பதினெட்டு உயிர்களைப் பலி கொண்டது. லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் அதனை இயேசு குறிப்பிடுகிறார். மாண்டவர்கள் மற்ற எல்லாரையும்விடப் பெரிய குற்றவாளிகளோ என்ற வினாவை அவரே எழுப்பி, இல்லை என்று அவரே விடையும் பகர்கிறார். பின்னர் கேட்டுக்கொண்டிருப்போர் பக்கம் திரும்பி, அவர்களை மனமாற்றத்துக்கு அழைக்கிறார். இறந்தவர்மீது பழி சுமத்த வேண்டாம். இருப்பவர்கள் தம் வழியைத் திருத்திக் கொள்ளட்டும் என்பதே அதன் சாரம். கட்டடங்கள் இடியும்போது நாம் எண்ண வேண்டிய முறையும் இதுவே என்று கருதுகிறோம்.

விழுமுன் வலிக்கும்

எந்தக் கட்டடமும் திடீரென விழுவதில்லை. நம் கண்ணுக்குத்தான் அது திடீர். பாரம் ஏறும்போது, வெயில் ஏறும்போது, அடிமண் அரிக்கப்படும்போது, கல்லும் கம்பியும் கான்கிரீட்டும் சிறிது நீள்கின்றன அல்லது சுருங்குகின்றன. ஒரு பொருள் தன் இயல்பான நீளத்தில் எந்தப் பங்கு நீண்டது அல்லது சுருங்கியது என்பதைப் பாடநூல்கள் 'திரிபு' என்னும் சொல்லால் குறிக்கின்றன. நாம் அதனைக் கட்டடத்தின் வலி என்று புரிந்து கொள்ளலாம்.

வலி எல்லாமே நோயன்று. நடந்தால் கால் சிறிது வலிக்கத்தான் செய்யும். அரைக் கிலோமீட்டர் நீளமுள்ள கான்கிரீட் பாலம், 20 பாகை வெப்பம் கூடினால் மொத்தத்தில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளும். அதற்கு இடம் கொடுக்கத்தான் பாலங்களில் ஆங்காங்கே இடைவெளி விட்டு இணைக்கிறார்கள். அந்த இடைவெளிகள் மண்ணும் குப்பையும் அடைத்துப் போனால், நீள இடமின்றி வலி தூண்களுக்கும் தாங்கிகளுக்கும் ஏறுகிறது. கான்கிரீட்டை இழுத்தால், ஒரு மீட்டருக்கு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவு நீண்டாலே விரிசல் தொடங்கிவிடும். அவ்வளவு சிறிய நீட்சியை எந்தக் கண்ணால் பார்ப்பது?

பழைய பொறியாளர்கள் இதற்கு ஓர் எளிய வழி வைத்திருந்தனர். சுவரில் விரிசல் கண்டால், அதன் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரு முனைகளிலும் சிமெண்டுக் கலவையால் பொருத்தி, அருகே தேதியை எழுதிவிடுவர். விரிசல் பழையதாகி அடங்கிவிட்டதென்றால் கண்ணாடி அப்படியே இருக்கும். விரிசல் இன்னும் வளர்கிறதென்றால் கண்ணாடி முறிந்துவிடும். கண்ணாடியின் குறையையே அதன் பணியாக்கிய அறிவு இது! ஆனால் அந்தக் கண்ணாடி ஒரு முறைதான் பேசும். பேசும்போதே உடைந்து போகும். எவ்வளவு அசைந்தது, எப்போது அசைந்தது என்று அதனால் சொல்ல இயலாது. உடையாமல் வளைந்து, இரவும் பகலும் சொல்லிக்கொண்டே இருக்கும் கண்ணாடி வேண்டியிருந்தது.

வளையும் கண்ணாடி

கண்ணாடி வளையுமா என்று கேட்கலாம். மெல்லியதாயின் நன்றாகவே வளையும். கண்ணாடி ஏன் உடைகிறது என்பதை ஆராய்ந்தவர் ஆங்கிலேயப் பொறியாளர் கிரிஃபித். 1921-இல் வெளிவந்த அவரது ஆய்வு ஓர் உண்மையை நிலைநாட்டிற்று. கண்ணாடியின் உள்ளியல்பு மிகவும் வலிமையுடையது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கீறல்களே அதனை வீழ்த்துகின்றன. இழுக்கும்போது முழு வலியும் அந்தக் கீறலின் முனையில் வந்து குவிகிறது. அங்கிருந்தே பிளவு ஓடுகிறது. மெல்லிய இழையாக இழுத்த கண்ணாடி, பருமனான கண்ணாடியைவிடப் பன்மடங்கு வலிமையுடன் இருப்பதை அவர் அளந்து காட்டினார்.

இந்த அறிவின் பயனாகவே இன்றைய ஒளியிழைகள் நீண்டு கிடக்கின்றன. தூய மணற்சத்தாகிய சிலிக்காவை உருக்கி இழுத்த இந்த இழையின் பருமன் 125 மைக்ரான். அதாவது மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. கீறல் விழாதிருக்க, இழுத்த உடனேயே அதன்மேல் மெல்லிய பூச்சு ஒன்று பூசப்படுகிறது. பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, 1954-இல் தம் பேராசிரியர் ஹாப்கின்சுடன் சேர்ந்து, கண்ணாடி இழைக் கற்றை வழியே உருவத்தைக் கடத்திக் காட்டினார். தொலைதூரச் செய்திக்கு இந்த இழைகள் பயன்படும் என்பதை 1966-இல் எடுத்துரைத்த சார்லஸ் காவோ, 2009-இல் நோபல் பரிசு பெற்றார். நம் வீடுகளின் தொலைபேசிக்கும் இணையத்துக்கும் வருவது இந்த இழைதான். இழை மட்டுமன்று, தகடும் வளைகிறது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பருமனே உள்ள, காகிதம் போல் சுருட்டக்கூடிய கண்ணாடித் தகட்டை அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் 2012-இல் அறிமுகப்படுத்தியது. அத்தகைய தகட்டினுள்ளே லேசர் கதிரால் ஒளி செல்லும் பாதையை வரைந்து, வளைவை அளக்கும் உணரிகளை அமைக்கும் ஆய்வுகளும் நடைபெற்றுள்ளன.

ஒளி எவ்வாறு அளக்கிறது?

1978-ஆம் ஆண்டு, கனடா நாட்டில் கென்னத் ஹில் என்பவரும் அவர் குழுவினரும் ஒளியிழையை ஆராய்ந்து கொண்டிருந்தபோது, வலிய லேசர் ஒளி இழையினுள்ளே நிலையான மாற்றத்தை ஏற்படுத்துவதைக் கண்டனர். 1989-இல் அமெரிக்காவில் ஜெரால்டு மெல்ட்சும் உடன் ஆய்வாளர்களும், புறஊதா ஒளியை இழையின் பக்கவாட்டிலிருந்து பாய்ச்சி, வேண்டிய இடைவெளியில் கோடுகளைப் பதிக்கும் வழியைக் காட்டினர். அன்று முதல் இம்முறை பரவத் தொடங்கிற்று.

அதன் இயக்கம் இதுதான். இழையின் மையத்தில், ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குள், 18,000-க்கும் மேற்பட்ட கோடுகள் சம இடைவெளியில் பதிக்கப்படுகின்றன. அவை கத்தியால் கீறிய கோடுகளல்ல. ஒளியின் ஓட்டத்தை மிகச் சிறிதளவே மாற்றும் மென்மையான வரிகள். இழையினுள் பல நிற ஒளியைச் செலுத்தினால், அந்த வரிகளின் இடைவெளிக்குப் பொருந்தும் ஒரேயொரு நிறம் மட்டும் திரும்பி வருகிறது. மற்றவை கடந்து போய்விடுகின்றன. படிகங்களில் எக்ஸ் கதிர்கள் எவ்வாறு திரும்புகின்றன என்று 1912-இல் வகுத்துக் காட்டிய லாரன்ஸ் பிராக் என்னும் அறிஞரின் பெயரையே இந்த வரியமைப்புக்கும் சூட்டியுள்ளனர்.

இப்போது இழையைச் சற்று இழுப்போம். சேலையின் கொசுவத்தை இழுத்தால் மடிப்புகளின் இடைவெளி அகலுவது போல, வரிகளின் இடைவெளியும் அகலுகிறது. உடனே திரும்பி வரும் ஒளியின் அலைநீளமும் கூடுகிறது. இழை சுருங்கினால் அது குறைகிறது. ஒரு மீட்டருக்கு ஒரு மைக்ரான் நீண்டாலே, திரும்பும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 1.2 பிக்கோமீட்டர் நகர்கிறது. பிக்கோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த அளவையும் கருவிகள் படித்துவிடுகின்றன. ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு நிறம் என்று வகுத்துக் கொண்டால், ஒரே இழையில் பத்து, இருபது உணரிகளைக் கோத்துவிடலாம். செபமாலையின் மணிகளைப்போல் அவை ஒரே நூலில் அமர்ந்து, தத்தம் இடத்துச் செய்தியைத் தனித்தனியே தெரிவிக்கும். மின்கம்பி இல்லாமையால் இடி மின்னலால் குழப்பமில்லை. இரும்பன்று என்பதால் துருவும் பிடிக்காது.

ஆனால் ஓர் இடர் உண்டு. வெயில் ஏறினாலும் இழையின் ஒளி நகரும். ஒரு பாகை வெப்பம் கூடினால் ஏறத்தாழ 10 பிக்கோமீட்டர் மாற்றம் வருகிறது. பாரத்தால் வந்த வலி எது, வெயிலால் வந்தது எது என்று பிரித்தறிய வெப்பத்தையும் தனியே அளந்தாக வேண்டும். இங்கே நம் ஊர் மைந்தர் ஒருவரைப் பெருமையுடன் நினைக்கிறோம். திருவரங்கத் தீவிலேயே அமைந்த திருவானைக்காவில் 1888 நவம்பர் 7-ஆம் நாள் பிறந்தவர் சர் சி. வி. இராமன். பொருளின் மூலக்கூறுகளால் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வருவதை அவர் 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் கல்கத்தாவில் கண்டறிந்தார். 1930-இல் நோபல் பரிசு பெற்றார். நிறம் மாறிய அந்த ஒளியின் ஒரு பகுதி வெப்பத்துக்கேற்ப ஏறி இறங்கும். அதனைப் படித்து, ஒளியிழையின் நெடுகிலும் எங்கே எவ்வளவு வெப்பம் என்று இன்று அளக்கின்றனர். அணைக்கட்டுகளில் நீர்க்கசிவைக் கண்டறியவும் இம்முறை பயன்படுகிறது. கசியும் இடத்தில் வெப்பம் மாறும் அல்லவா! கொள்ளிடத்தின் பழைய பாலம் எழுந்த அதே 1928-ஆம் ஆண்டு, பாலங்களையும் அணைகளையும் காக்க உதவும் ஓர் உண்மை, அதே தீவில் பிறந்தவருக்குப் புலப்பட்டது!

பாலங்களிலும் பேராலயங்களிலும்

1993-இல் கனடாவின் கால்கரி நகரில் பெடிங்டன் டிரெயில் என்னும் பாலம் கட்டப்பட்டபோது, இத்தகைய கண்ணாடி உணரிகள் கட்டும்போதே உள்ளே வைக்கப்பட்டன. பாலங்களில் இம்முறையைக் கையாண்ட தொடக்க முயற்சிகளுள் அது புகழ்பெற்றது. நம் நாட்டில் கல்கத்தாவிலுள்ள மத்திய கண்ணாடி, மட்பாண்ட ஆராய்ச்சி நிலையம் இந்த உணரிகளை உருவாக்கியுள்ளது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இதே இழையைக் கொண்டு மனிதரின் மணிக்கட்டில் நாடித் துடிப்பைப் பதிவு செய்துள்ளனர். நாடி பிடித்து நோயறியும் மரபில் வந்த நமக்கு, இதைவிடப் பொருத்தமான உவமை வேறு வேண்டியதில்லை. கட்டடத்துக்கும் நாடி உண்டு. பிடித்துப் பார்க்கக் கை வேண்டும்.

இத்தாலி நாட்டில் பவியா நகரின் பேராலயத்தை ஒட்டிப் பல நூற்றாண்டுகளாக நின்ற நகரக் கோபுரம், 1989 மார்ச் 17-ஆம் நாள் காலை இடிந்து நால்வர் உயிரைப் பறித்தது. நிலநடுக்கமில்லை, புயலில்லை. நெடுங்காலமாகத் தாங்கிய சுமையே செங்கற்சுவரை உள்ளிருந்து சிறிது சிறிதாகத் தளர்த்தியிருந்தது எனப் பின்னர் ஆராய்ந்தோர் விளக்கினர். அதன்பின் பழைய ஆலயங்களையும் கோபுரங்களையும் கருவிகொண்டு கண்காணிக்கும் ஆர்வம் அந்நாட்டில் பெருகிற்று. 1396-இல் தொடங்கிப் பதினெட்டாம் நூற்றாண்டில் குவிமாடத்துடன் உருப்பெற்ற கோமோ நகரப் பேராலயத்தில், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்ணாடி இழை உணரிகள் பொருத்தப்பட்டு, அதன் அசைவுகள் தொலைவிலிருந்தே அளக்கப்பட்டன. மேலே திருப்பலி நடைபெற, சுவரோரம் ஓர் இழை ஓசையின்றிக் கல்லின் வலியைக் கேட்டுக்கொண்டிருந்தது.

கேட்பவர் யார்?

இங்கேதான் நாம் சிறிது நின்று எண்ண வேண்டும். உணரி சொல்லும், அவ்வளவே அதன் பணி. கேட்பதும், கேட்டபடி நடப்பதும் மனிதரின் பொறுப்பு.

1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் இரயில் பாலத்தை அறியாத தமிழர் இல்லை. கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் அதன் நடுப்பகுதியின் நிலையை அறியச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தினர் உணரிகளைப் பொருத்தியிருந்தனர். 2022 டிசம்பரில் அவை எச்சரிக்கை காட்டின. டிசம்பர் 23-ஆம் நாள் முதல் அப்பாலத்தில் இரயில்கள் நிறுத்தப்பட்டன. இராமேசுவரம் செல்வோர் மண்டபத்தில் இறங்கிப் பேருந்து ஏற வேண்டியதாயிற்று. யாத்திரிகருக்கும் மீனவருக்கும் வியாபாரிகளுக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொல்லைதான். எனினும் ஓர் உயிரும் போகவில்லை. 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்பட்டது.

அதே 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், குஜராத்தின் மோர்பி நகரில் தொங்குபாலம் அறுந்து 130-க்கும் மேற்பட்டோர் ஆற்றில் மாண்டனர். அவர்களுள் குழந்தைகள் பலர். பழுது பார்த்ததாகக் கூறிச் சில நாள்களுக்கு முன்புதான் அது திறக்கப்பட்டிருந்தது. அறுந்த வடத்தின் 49 கம்பிகளில் 22 கம்பிகள் ஏற்கெனவே துருவேறியிருந்தன என்று புலனாய்வுக் குழு பின்னர்க் கண்டது. துரு ஒரே நாளில் ஏறுவதன்று. அந்தக் கம்பிகள் நெடுநாள் சொல்லியவாறே இருந்தன. காது கொடுப்பார் இல்லை.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் எச்சரிக்கை வந்ததும் பெருந்தொல்லையை ஏற்றுக்கொண்டு வண்டியை நிறுத்தினர். மற்றோரிடத்தில் பண்டிகைக் கூட்டத்துக்குக் கதவைத் திறந்துவிட்டனர். இதில் விதி எங்கே வந்தது? மோர்பியில் மாண்ட குழந்தைகளைக் குறித்து எவரேனும் தெய்வக் குற்றம் என்று பேசினால், சீலோவாமைப்பற்றி ஆண்டவர் கூறிய விடையையே அவருக்கு நாம் கூற வேண்டும். பிறர் உயிரைத் தாங்கும் பொருளைப் பேணாது விடுவது, கொலை செய்யாதிருக்கக் கட்டளையிடும் ஐந்தாம் கற்பனையின் எல்லைக்குள் வருகிறது என்பதை மறைக்கல்வி பயின்ற நாம் அறிவோம்.

நம் ஆலயங்கள், நம் இல்லங்கள்

அரசையும் அதிகாரிகளையும் மட்டும் நோக்கி விரல் நீட்டிவிட்டு நாம் ஒதுங்கிக் கொள்ளலாகாது. நம் மறைமாவட்டங்களில் நூறாண்டு கடந்த ஆலயங்கள் பல. சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு எழுப்பிய மணிக்கூண்டுகள், மரவிட்டம் தாங்கும் கூரைகள், அவற்றின் கீழ் ஞாயிறுதோறும் கூடும் நூற்றுக்கணக்கான மக்கள், பக்கத்திலேயே பள்ளிக்கூடம். இவற்றுக்குப் பங்குத் தந்தையரும் பங்குப் பேரவையினரும் பொறுப்பாளிகள். திருவிழா வந்தால் மின்விளக்குத் தோரணத்துக்கும், வாணவேடிக்கைக்கும், தேர் அலங்காரத்துக்கும் வரி போட்டு வாங்குகிறோம். மேல்தளத்தில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கி எறிய ஆள் அனுப்ப மறந்துவிடுகிறோம். அதன் வேர் நுழைந்த சுவருக்கே அடுத்த ஆண்டு வெள்ளையடித்து, விரிசலை மறைத்தும் விடுகிறோம்.

கண்ணாடி இழையைப் படிக்கும் கருவி விலை மிகுந்தது. பதிப்பதற்கும் படிப்பதற்கும் தேர்ந்த பொறியாளர் வேண்டும். ஒட்டும் பசை தளர்ந்தாலே அளவு பிழைபடும். எனவே சிற்றூர் ஆலயம் ஒவ்வொன்றுக்கும் அது இன்றே கிட்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பழைய பொறியாளரின் கண்ணாடித் துண்டு எவருக்கும் கிட்டும். விரிசல் கண்ட இடத்தில் மேற்பூச்சைச் சுரண்டிவிட்டு, உறுதியான சுவர்மீதே அதனைப் பொருத்துங்கள். விரிசலின் இரு நுனிகளையும் பென்சிலால் குறித்து, தேதியிடுங்கள். மாதம் ஒரு முறை பார்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். கண்ணாடி முறிந்தாலோ, விரிசல் குறியைத் தாண்டினாலோ, கதவும் சாளரமும் காரணமின்றி இறுகினாலோ, தூண் சாய்வதாகத் தோன்றினாலோ, கொத்தனாரின் பூச்சுவேலையோடு நில்லாமல் கட்டடப் பொறியாளரை அழையுங்கள். அவர் மூடச் சொன்னால், திருவிழாவே எதிரில் இருப்பினும் மூடிவிடுங்கள். பந்தலின் கீழ் நிறைவேற்றும் திருப்பலி எவ்வகையிலும் குறைந்ததன்று.

குடும்பங்களுக்கும் ஒரு சொல். சுவருக்கு மட்டுமா வலி உண்டு? இரண்டு வேலைகளைச் சுமந்து நள்ளிரவில் படுக்கும் தாய், கடனைப்பற்றி வாய் திறவாத தந்தை, தேர்வுக்கு அஞ்சி உணவை ஒதுக்கும் மகள், பேச ஆளின்றித் திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டனார் ஆகிய இவர்களிடம் "என்ன?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை" என்பதே விடையாக வரும். கிரிஃபித் கண்டதை இங்கும் காண்கிறோம். உள்ளத்தின் வலிமை குறைவதால் மட்டும் மனிதர் உடைவதில்லை. கவனிக்கப்படாத ஒரு சிறு கீறலில் எல்லாச் சுமையும் வந்து குவியும்போது உடைகின்றனர். இரவுச் செபத்துக்குமுன் செய்யும் ஆன்ம சோதனையில், "இன்று நான் என்ன தவறு செய்தேன்?" என்பதோடு, "இன்று என் வீட்டில் யாருடைய முகம் வாடியிருந்தது?" என்னும் கேள்வியையும் சேர்த்துக் கொள்வது நலம். வலி சிறிதாய் இருக்கும்போதே கேட்டால், ஆறுதலும் சிறிய செலவில் முடிந்துவிடும்.

எலியா இறைவாக்கினருக்கு ஆண்டவர் பெருங்காற்றிலும் நிலநடுக்கத்திலும் தீயிலும் தோன்றாது, மெல்லிய ஓசையில் தம்மை உணர்த்தினார் என விவிலியத்தில் படிக்கிறோம். இடிந்து விழும் பேரோசையைக் கேட்க யாருக்கும் பயிற்சி வேண்டியதில்லை. அதற்கு முந்திய மெல்லிய ஓசையைக் கேட்பதற்கே பொறுமையும் அன்பும் வேண்டும்.

இம்மாதத்துப் பங்குப் பேரவைக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக வைத்துப் பேசுமாறு அன்புடன் வேண்டுகிறோம். கூட்டம் முடிந்ததும் பேரவையினர் அனைவரும் எழுந்து, மணிக்கூண்டையும் கூரையையும் பள்ளிச் சுவர்களையும் ஒரு முறை சுற்றி வரட்டும். விரிசல் ஏதும் கண்ணில் பட்டால், அன்றே ஒரு கண்ணாடித் துண்டைப் பொருத்தித் தேதியை எழுதிவிடுங்கள்.